நாடகத் தலைமையாசிரியர் தவத்திரு சங்கரதாச சுவாமிகள்

காவிரி நாட்டின் கீழைக் கடலோரத்தே, காரைக்கால் நகர்க்கு மேற்கில், திருநள்ளாற்றுக்கு அணித்தாக விளங்குவது திருத்தருமபுரம். மயிலாடுதுறையை அடுத்து ஆதீனத் திருமடம் விளங்கும் தருமபுரம் வேறு. பாடல்பெற்ற தலமாகிய இத்தருமபுரம் வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்குவார் இன்றும் பலர். ஈண்டு எழுந்தருளியுள்ள பெருமானுக்கு யாழ்மூரிநாதர் என்பது திருநாமம். அம்மையின் திருநாமம் தேனமிர்தவல்லி. திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பெற்ற தாயார் பிறந்த ஊர் இதுவே. ஆதலின், ஆளுடைய பிள்ளையாருடன் பாணர் இங்கு வந்தபோது சுற்றத்தார் எதிர்கொண்டு மகிழ்ந்தனர். பிள்ளையாரின் பதிக இசை உலகெங்கும் பரவுவது பாணர் அதனை யாழில் இட்டு வாசித்தலினாலேயே என்றும் உறவின் பெருமிதத்தால் உரைத்தனர். அது கேட்டு உள்ளம் நடுங்கிய பாணர், யாழில் அடங்காத இசையொன்று பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். அவ்வாறே பாடப்பெற்ற பதிகம் கருவியில் அடங்காமை கண்டு, பாணர் தம் யாழையே உடைக்க ஓங்கினார், பிள்ளையார் தடுத்தருளினார். இது பெரியபுராணம் காட்டும் வரலாறு.

இவ்வரலாற்றில் அன்பர்கள் பெரும்பாலும் கருதாது விடும் செய்தி ஒன்று உண்டு. யாழையும் விஞ்சிய அவ்விசை எழுந்தது ஒரு பிள்ளையின் திருவாயினின்று. 3 வயதுக் குழவியாய்ச் சீகாழிக் குளக்கரையில் பாடத் தொடங்கியவர் அவர். அவரைக் காண ஊர்தோறும் திரண்டவர்கள் கற்றோர் மட்டும் அல்லர். மகளிரும் முதியோரும் மடியிலிருந்த மதலைகளும் அடங்கிய குடும்பத்தினர். பிள்ளை பாடப் பெரியோர் கேட்டு உருகுதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அம்மரபை வேறொரு வகையால், அரங்கின்மேல், சிறுவர்களைக் கொண்டே வளர்த்தவர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் உடல் அடங்கிய இடமும் காரைக்காலைத் தன் ஒரு பகுதியாகக் கொண்ட புதுச்சேரி நிலப்பகுதியிலேயே உள்ளது. அவரே நாடகத் தலைமையாசிரியர் எனக் கலைஞர் அனைவரும் போற்றும் தவத்திரு சங்கரதாச சுவாமிகள்.

சுவாமிகள் பாண்டிநாட்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். இராமாயணத்தில் தோய்ந்த தந்தையார் இராமாயணப் புலவர் என்றே ஊராரால் அழைக்கப்பெற்றார். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர், பழனித் தண்டபாணி சுவாமிகள் என்னும் முருகனடியாரிடம் இலக்கணமும் யாப்பும் சந்தமும் கற்றார். உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அங்கு உடன் பயின்றவர். அவரும் பிற்காலத்தில் நாடகாசிரியராய் விளங்கினார். ஆசிரியர்பால் பெற்ற சந்தப் பயிற்சியே சுவாமிகளின் நாடகப் பாடல்களுக்கு வித்தாயிற்று. திருப்புகழின் வண்ணங்களில் செவி பழகியவர்க்குத் தாளம் தவறாது; தாளம் தவறாத பாட்டைப் பாமரனும் ஒருமுறை கேட்டு மனத்தில் இருத்துவான்.

கற்ற தமிழ் வயிற்றுக்குச் சோறிடவில்லை. இளைஞர் சங்கரர் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராய் அமர்ந்தார். எத்துணைக் காலம் ஒருவன் உப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருத்தல் இயலும்? 1891ஆம் ஆண்டில், தம் 24ஆம் அகவையில், அப்பணியைத் துறந்து நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். அதே ஆண்டிற்றான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் பட்டம் பெற்ற கனவான்களை மேடைக்கு அழைத்தார். மற்றவர் ஊர் ஊராய்ச் செல்லும் கூத்தரோடு கூடினார். தமிழ் நாடகம் இவ்விருவர் தோள்மீதும் நின்றே எழுந்தது.

அந்நாளில் கூத்தாடுதலைக் குலமகனுக்கு ஏற்ற தொழிலாக எவரும் கருதினாரல்லர். நடிகர்க்கு இன்ன உரை என்னும் வரையறை பெரும்பாலும் இல்லை. வாயில் வந்ததைப் பேசுவர். கோமாளியின் பேச்சு எல்லை கடத்தலும் உண்டு. ஆர்மோனியக்காரர் பாடகரோடு போட்டியிட்டுப் பாட்டையே விழுங்கிவிடுதலும் உண்டு. தாயும் மகளும் ஒருங்கமர்ந்து காணத்தகாத காட்சிகள் மலிந்திருந்தமையால், மானமுள்ள குடும்பத்தார் கொட்டகைப் பக்கமே செல்லத் தயங்கினர். மடங்களிலும் பாடசாலைகளிலும் பயின்ற பெரியோர் நாடகத்தை வெறுத்தமைக்கும் இதுவே காரணம். ஆனந்தக் கூத்தனைத் தொழுவோர் கூத்தை வெறுத்தல் பொருந்துமா என்று அவர்கள் ஆராய்ந்திருக்கலாம், ஆராயவில்லை.

சுவாமிகள் தொடக்கத்தில் நடிகராகவே விளங்கினார். நெடிய தோற்றமும் கம்பீரமான குரலும் வாய்ந்தவராதலின் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய அச்சந்தரும் வேடங்களே அவர்க்கு அமைந்தன. அவற்றுள் இரண்டு வேடங்களைப் பற்றி அவர்தம் மாணாக்கர் வழியே வழங்கும் வரலாறு ஈண்டு விரித்துரைத்தற்கு உரியது.

நளன் நாடகத்தில் ஓர் இரவு அவர் சனீசுவரனாகத் தோன்றினார். அக்காலத்து நாடகங்கள் இரவு தொடங்கி விடியுமட்டும் நடப்பன. ஆட்டம் முடிந்து, உடலெங்கும் பூசிய கருமையோடு, வேடங்கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றார். அங்குத் துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி, அரையிருளில் அவ்வுருவங் கண்டு சனிபகவானே எதிர்வந்து நின்றதாகக் கருதி, அலறி வீழ்ந்து உயிர் துறந்தாள். மற்றோரிடத்தில் சத்தியவான் சாவித்திரி நடந்தது. எமனாக அவர் பாசக்கயிற்றோடு முழங்கிப் பாய்ந்து வந்த வேகத்தைக் கண்டு, அவையிலிருந்த கருவுற்ற மாது ஒருத்தியின் கருக் கலைந்தது. இவற்றுக்குப்பின் சுவாமிகள் வேடம் புனைதலையே விட்டொழித்தார் என்பர்.

இவ்விரு வேடங்களுக்கும் உரிய தலங்கள் இரண்டும் இப்பகுதியிலேயே அமைந்திருத்தல் வியப்பன்றோ! நளனைப் பற்றிய சனி நீங்கிய திருநள்ளாறு தருமபுரத்துக்கு அண்மையது. மார்க்கண்டர்க்காக எமனை உதைத்தருளிய திருக்கடவூரும் வடக்கே நெடுந்தொலைவில் இல்லை. சனியையும் எமனையும் நினைந்து அஞ்சும் குடும்பத்தினர் குழந்தைகளோடு இத்தலங்களுக்கு வருகின்றனர். வணங்கி அச்சம் நீங்கி மீள்கின்றனர். கோயில் அச்சத்தைப் போக்கி அனுப்புகின்றது. தம் நடிப்போ அச்சத்தை ஊட்டி ஓர் உயிரையும் பிறவாத மற்றோர் உயிரையும் கொண்டது. கலையில் பெற்ற வெற்றியாக அதனைப் பேசி மகிழ்வார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். சுவாமிகள் அவ்வாறு மகிழவில்லை என்பதே அவர் வாழ்வின் திருப்புமையம்.

காரைக்காலம்மையாரும் பேயுருவை இறைவன்பால் வேண்டிப் பெற்றவர். அவ்வுருவங் கண்டோர் அஞ்சி ஓடினர் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை; மாற்றவும் இல்லை. சுவாமிகள் மட்டும் ஏன் மாற்றினார் எனின், அம்மையார் கொண்டது ஐயன் அருளிய மெய்யுரு. சுவாமிகள் பூசியது கரியும் அரிதாரமும். மெய்யுருவை மாற்றுதல் பிழை. பிறர்க்குத் தீங்கு செய்த பூச்சை வைத்துக்கொண்டிருத்தலே பிழை.

பற்றுக்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. திருமணம் செய்துகொள்ளாத அவர், சில காலம் நாடகத்தையும் விடுத்துத் துறவியராய்த் தலங்கள்தோறும் சென்று வழிபட்டார். சுவாமிகள் என்னும் வழக்கு அப்போதுதான் அவர்க்கு எய்தியது. சுற்றி வருங்கால் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையவர்கள் அவரைக் கண்டு, மகனாகவே ஏற்றுத் தம்மிடம் இருத்திக்கொண்டார். தண்டபாணி சுவாமிகளிடம் சந்தமாகக் கற்றதை அங்கே லயமாகக் கற்றார். பிள்ளையவர்களின் வற்புறுத்தலாலேயே மீண்டும் நாடக உலகம் புகுந்தார் என்பர். மீண்டது நடிகராக அன்று, ஆசிரியராக. பல குழுக்களுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தும் பயிற்றியும் வந்தவர், 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை எனத் தாமே ஒரு சபையை நிறுவினார். இசையால் நாடெங்கும் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா பயின்ற இடங்களுள் அதுவும் ஒன்று.

வளர்ந்த நடிகர்களோடு அவர் பட்ட துன்பம் பெரிது. சிலர் குடித்துவிட்டு வருவர்; சிலர் முன்பணம் பெற்று வாராதொழிவர்; பாடத்தைப் பாடமாக ஓதார். எழுதிய பாட்டைத் தம் விருப்பம்போல் மாற்றிப் பாடுவாரும் பலர். தாம் கருதிய தூய நாடகம் இவர்களால் நடவாது எனத் தெளிந்த சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார். களிமண் ஈரமாயிருக்கும்போதே பாத்திரம் வனைதல் வேண்டும் அன்றோ? ஜகந்நாத ஐயர் அவர்களின் சிறுவர் குழுவுக்கு ஆசிரியராயிருந்தபின், 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு தோன்றியது. மீனாட்சியம்மையின் திருப்பெயரும் மெய்ப்பொருளின் பெயரும் புலமையின் பெயரும் ஒருங்கே அமைய ஒரு நாடகக் குழுவுக்குப் பெயரிடப்பட்டமை நோக்கத்தக்கது.

அச்சபை நடந்த முறை ஏறக்குறைய ஒரு குருகுலத்தின் முறையே. சிறுவர் அனைவரும் ஒரே வீட்டில் உண்டு உறங்குவர். பகலில் பாடம், இரவில் நாடகம். சுவாமிகள் ஒருபுறம் அமர்ந்து ஒவ்வொரு சிறுவனுக்கும் உரையையும் பாட்டையும் சொல்லிக்கொடுப்பார். எழுத்தறியாத பிள்ளையும் விருத்தமும் கீர்த்தனையும் பிழையின்றி ஓதினான். வல்லின இடையின வேறுபாடு நாவிற் படியும்வரை விடமாட்டார். பெண்வேடமும் சிறுவரே பூண்டனர். குழு ஓர் ஊரில் சில திங்கள் தங்கும், கொட்டகை எழும், தரையில் அமர்வோர்க்கு ஒரு கட்டணம், நாற்காலிக்கு ஒரு கட்டணம், மகளிர்க்குத் தனியிடம். எந்தப் பெண்மணி முன்பு கொட்டகைக்கு வர நாணினாளோ, அவளே தன் மகன் வயதொத்த பிள்ளை நாரதராகவும் பிரகலாதனாகவும் தோன்றிப் பாடுதலைக் காணப் பாயும் தலையணையும் கைக்குழந்தையுமாக வந்தாள். குடும்பம் முழுதும் ஒருங்கிருந்து காணும் அரங்கு இவ்வாறு தமிழ்நாட்டில் நிலைபெற்றது. எமனும் இரணியனும் அவ்வரங்கிலும் உண்டு; ஆயின் அவ்வேடத்துள் இருப்பவன் மீசை முளையாத சிறுவன். ஆதலின் அச்சம் கதைக்கு வேண்டிய அளவில் நின்றது.

சுவாமிகள் இயற்றியனவாக 60க்கு மேற்பட்ட நாடகங்களின் பெயர்கள் வழங்குகின்றன. நூல்வடிவில் எஞ்சியவை அவற்றுள் ஒரு பகுதியே. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், லவகுசா, சதி அனுசூயா, சதி சுலோசனா, நல்லதங்காள், மணிமேகலை, சிறுத்தொண்டர் முதலியன அவற்றுட் சில. மணிமேகலையின் துறவையும் முருகன் திருவிளையாடலையும் ஒரே கையால் எழுதினார். பாலசபைச் சிறுவர்க்கென அபிமன்யு சுந்தரி நாடகத்தை, பாட்டும் உரையுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது அச்சபையில் இருந்தோர் கண்டு வியந்த செய்தி. பொருளாழமும் எளிமையும் ஒருங்கே அமைதல் அரிது. திருக்குறட் கருத்துக்களும் நீதிநூற் கருத்துக்களும் அவர் எழுதிய உரையாடல்களில் பரவிக் கிடக்கும்; எனினும் அவை பாடம்போல் தோன்றா. சில இடங்களில் எதுகைக்காகச் சொல்லை நீட்டியிருக்கின்றார் என்று குறை கூறுவாரும் உளர். இரவு முழுதும் விழித்திருப்போர்க்கு எழுதியவரை விளக்கடியில் அமர்ந்து படிப்போர் அளத்தல் முறையாகாது.

இவற்றுள் சிறுத்தொண்டர் நாடகம் தனித்து எண்ணத்தக்கது. அவ்வடியார் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியும் இச்சோழவளநாட்டிலேயே உள்ளது. பிள்ளைக்கறி கேட்ட பைரவர்க்குப் பெற்றோரே மகனை அரிந்து சமைத்த வரலாற்றைப் புராணத்திற் படிப்பது வேறு. அரங்கில், தாய்மார் கண்முன், பாடசாலையிலிருந்து புத்தகத்தோடு ஓடிவரும் சீராளனாக உண்மையான ஒரு சிறுவன் நிற்பது வேறு. அழைத்தவுடன் அவன் மீண்டும் ஓடிவரும்வரை ஒரு தாயின் நெஞ்சும் அமைதி கொள்ளாது.

அவ்வாறு நின்ற சிறுவர்களும் ஒவ்வொரு தாய் பெற்ற பிள்ளைகளே என்பதை மறைத்தல் உண்மையாகாது. வறுமையால் பெற்றோர் பிள்ளைகளை இத்தகைய குழுக்களில் ஆண்டுக் கணக்கில் ஒப்படைத்தனர். ஆறேழு வயதில் தாயைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்து, ஊர் ஊராய்த் திரிந்தனர் பிள்ளைகள். பள்ளிக் கல்வி அவர்க்கு இல்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கொண்டாடப்பட்டவன் ஒரு மூலையில் ஒதுங்குவான். சுவாமிகளும் கண்டிப்பு மிக்கவர். அவர் சினத்துக்குச் சிறுவர் நடுங்கினர். அடித்துக் கற்பித்தல் அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் வழக்கம் என்பது விளக்கமாகுமேயன்றி மன்னிப்பாகாது. சபையில் அவர் உடைமையாளர் அல்லர். பொருள் சேர்த்தவரும் அல்லர். எனினும் ஆசிரியர் என்ற பொறுப்பு அவருடையது. இதனை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று, தம் பிள்ளைகட்கு வெறும் நடிப்பை மட்டும் கற்பியாது, தமிழையும் தாளத்தையும் ஒழுக்கத்தையும் முழுமையாக ஊட்டியதே. அரங்கு கைவிட்டாலும் இம்மூன்றும் கைவிடா.

1918ஆம் ஆண்டில் அச்சபையிற் சேர்ந்தவருள் தி. க. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் முதன்மையானவர். அவர்தம் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடத்திற் பெயர்பெற்ற நடிகர்; அவரும் மக்களுடன் சபையில் இருந்தமையால், இப்பிள்ளைகட்குப் பிரிவுத் துன்பம் நேரவில்லை. சண்முகத்துக்கு அப்போது வயது 6. நாரதராய் அரங்கேறிய அச்சிறுவரே பின்னாளில் அபிமன்யுவாகவும், அதற்கும் பின்னர், 30 வயதில், கூன் விழுந்த முதியவளாகிய அவ்வையாராகவும் நடித்து அவ்வை சண்முகம் எனப் புகழ் பெற்றார்.

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. கையுங் காலும் முடங்கின, நாவும் அடங்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிறர் நாவில் ஏற்றியவர்க்குத் தம் நா உதவவில்லை. பிழைசெய்த பிள்ளையைத் திருத்தவும் இயலாது, நன்கு பாடிய பிள்ளையை வாய்திறந்து வாழ்த்தவும் இயலாது கழிந்தன அந்நாள்கள். சிறுவர்கள் அவரை விட்டு நீங்கவில்லை. குழு சென்ற இடமெல்லாம் அவரும் உடனிருந்தார். முன்பு அவர் சினத்துக்கு அஞ்சியவர்களே இப்போது அவர்க்குப் பணிவிடை செய்தனர். குழு, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் திங்கட்கிழமை இரவு, சுவாமிகள் தம் 55ஆம் அகவையில் இறைவன் திருவடி அடைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் திருமேனி அடக்கம் செய்யப்பெற்றது. மனைவியும் மக்களும் இல்லாத அத்துறவிக்கு மக்களாய் நின்று அழுதவர்கள் அச்சிறுவர்களே.

தி. க. சண்முகம் உடன்பிறந்தார் 1925ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையை நிறுவி ஆசிரியர் வழியிலேயே நடத்தினர். பின்னாளில் அப்பாவின் ஆசை என்று சிறுவர்க்கெனவே ஒரு நாடகத்தையும் மேடையேற்றினர். நவாப் இராஜமாணிக்கம் அவர்களும் சிறுவர் குழுவில் பயின்று வளர்ந்தவரே. இராமாயணத்தையும் ஐயப்பன் வரலாற்றையும் குடும்பத்தோடு காண ஊர்கள் திரண்டன. திரைப்படம் பரவியபின் சிறுவர் குழுக்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. மறைந்தமை பிள்ளைகட்கு நன்மையே. அவர்கள் பள்ளிக்குச் சென்றனர். சுவாமிகள் எழுதிய பாட்டோ மறையவில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளி அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாள் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துச் சமாதியில் கூடி வழிபடுகின்றனர்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கின்றது. ஓரூர் நடிகர் முருகனாக வருவார், மற்றோரூர் நடிகை வள்ளியாக வருவார், ஒத்திகை இல்லை. இருவர்க்கும் சுவாமிகள் எழுதிய பாடம் ஒன்றாதலின், முன்பின் கண்டிராதவரும் அரங்கில் ஒருவர்க்கொருவர் மாற்றம் கூறித் தருக்கம் செய்கின்றனர். தினைப்புனத்தில் வேடனும் விருத்தனும் வந்துபோய், ஆனைமுகன் வேழமாய் வெருட்ட வள்ளி அஞ்சி ஓடி முருகனைத் தழுவும்போது கீழ்வானம் வெளுத்துவிடும். திருமணம் கண்டபின், தாய்மார் உறங்கிப்போன பிள்ளைகளைத் தோளிலிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.